அடுத்த இருக்கைக்கு எப்போது மாறலாம்?

புதிய கார் வாசலில் வந்து நிற்கும் நாள் எந்தக் குடும்பத்துக்கும் ஒரு சிறு விழா நாள். கடன் விண்ணப்பம், வருமானச் சான்று, முன்பணம், மாதத் தவணைக் கணக்கு எல்லாம் முடிந்து, மாலை சூட்டி, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிய பின், முதல் சவாரிக்கு அனைவரும் ஏறி அமர்கின்றனர். அப்போது பிள்ளைகள் எங்கே இருக்கின்றனர் என்று பாருங்கள். முன்னிருக்கையில் தாத்தாவின் மடியில் ஒன்று. பின்னால் இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே தலையை நீட்டி நின்றபடி மற்றொன்று.

அந்தத் தாத்தாவாக நானும் இருந்திருக்கிறேன். வங்கிப் பணியில் இருந்த காலத்தில் எத்தனையோ கார் கடன் கோப்புகள் என் மேசையைக் கடந்து சென்றன. விற்பனையாளர் தரும் விலைப்பட்டியலில் இருக்கை உறை, தரைவிரிப்பு, பளபளப்புப் பூச்சு, கூடுதல் உத்தரவாதம் என வரிசையாக இருக்கும். குழந்தை இருக்கை என்ற ஒரு வரியை எந்தப் பட்டியலிலும் கண்டதாக நினைவில்லை. அன்று அது எனக்குக் குறையாகவும் தோன்றவில்லை. ஓய்வு பெற்றுப் புனேயில் மகள் வீட்டுக்கு வந்து, இரண்டு பேரப்பிள்ளைகளுடன் மும்பை விரைவுச்சாலையில் அடிக்கடி பயணம் செய்யத் தொடங்கிய பிறகுதான் இதைப் பற்றிப் படிக்கவும் அளக்கவும் ஆரம்பித்தேன்.

முதலில் ஒரு கணக்கு. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு சுவரில் மோதுவது, ஏறக்குறைய 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடி உயரத்திலிருந்து தரையில் விழுவதற்குச் சமம். கார் நின்றுவிடும், உள்ளே இருப்பவர்கள் அதே வேகத்தில் முன்னோக்கிச் செல்வர். அரை மீட்டர் தொலைவுக்குள் அந்த வேகம் முழுவதும் அடங்குகிறது என்று கொண்டால், உடலின் மீது செயல்படும் விசை அதன் எடையைப் போல் 20 மடங்கு ஆகிறது. 15 கிலோ எடையுள்ள குழந்தையை அந்த நொடியில் மடியில் பிடித்து நிறுத்த வேண்டுமானால் 300 கிலோவைத் தாங்கும் கைகள் வேண்டும். இறுக அணைத்துக்கொள்வேன் என்று நான் நம்பிக்கொண்டிருந்ததெல்லாம் பேதைமை என்று இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த அன்றுதான் விளங்கியது.

சட்டம் என்ன சொல்கிறது? 2019 ஆம் ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவின்படி, 14 வயது நிறையாத பிள்ளையைச் சீட் பெல்ட்டோ குழந்தைப் பாதுகாப்பு இருக்கையோ இன்றி ஏற்றிச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம். இதில் வரும் ‘அல்லது’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். ஐந்து வயதுக் குழந்தைக்குப் பெரியவர்களின் பெல்ட்டை மாட்டிவிட்டாலும் இந்தப் பிரிவின்படி கடமை முடிந்துவிடுகிறது. எந்த உயரம்வரை தனி இருக்கை வேண்டும், எப்போது மாற்றலாம் என்பவற்றை அது வரையறுக்கவில்லை. ஆகவே முடிவு பெற்றோர் கையில்தான் இருக்கிறது.

பெரியவர்களின் பெல்ட் ஏன் சிறுவர்களுக்குப் பொருந்தாது? அந்தப் பெல்ட் எலும்பைப் பற்றிக்கொள்ளும்படி வடிவமைக்கப்பட்டது. மடிப்பகுதி இடுப்பெலும்பின் மீதும், குறுக்குப்பகுதி தோளெலும்பு, மார்பெலும்பு ஆகியவற்றின் மீதும் படிய வேண்டும். வளர்ந்தவர்களின் இடுப்பெலும்பின் முன்பக்கத்தில் இருபுறமும் மேடு போன்ற பகுதி உண்டு. பெல்ட் மேலேறாமல் தடுப்பது அதுவே. சிறு பிள்ளைகளுக்கு அந்த மேடு இன்னும் உருவாகி முடிந்திருக்காது. மோதலின்போது உடல் கீழே வழுக்க, பெல்ட் வயிற்றின் மீது ஏறிவிடுகிறது. குடல், கல்லீரல், கீழ் முதுகெலும்பு ஆகியவை காயமடைவதற்கு மருத்துவர்கள் இதையே காரணமாகக் காட்டுகின்றனர். பூஸ்டர் சீட் செய்வது மிக எளிய வேலை. பிள்ளையைச் சில அங்குலம் உயர்த்தி, பெல்ட்டை உரிய எலும்புகளின் மீது கொண்டுவந்து சேர்க்கிறது. பிள்ளையைப் பிடித்து நிறுத்துவது என்னவோ காரின் பெல்ட்தான்.

பூஸ்டருக்கு முந்தைய நிலை, தோள், இடுப்பு, கால்களுக்கு இடைப்பகுதி என ஐந்து இடங்களில் இறுக்கும் வார் உள்ள இருக்கை. நம் நாட்டுத் தரவிதியான ஏஐஎஸ் 072, ஐரோப்பிய விதியைப் பின்பற்றி இருக்கைகளை எடைவாரியாகப் பிரிக்கிறது. 9 முதல் 18 கிலோ வரை ஒரு பிரிவு, 15 முதல் 25 கிலோ வரை அடுத்தது, 22 முதல் 36 கிலோ வரை அதற்கடுத்தது. இந்த எண்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தால் ஒரு செய்தி புலப்படும். 15 கிலோவுக்கும் 18 கிலோவுக்கும் இடையில் உள்ள பிள்ளை இரண்டு பிரிவுகளிலும் வருகிறது. வாரில் இருக்கலாம், பூஸ்டரிலும் இருக்கலாம். பெட்டியின் மீதுள்ள எண் இரண்டுக்கும் அனுமதி அளிக்கிறது. பெற்றோர் தடுமாறுவதும் இந்த மூன்று கிலோ இடைவெளியில்தான்.

எங்கள் வீட்டில் அந்தத் தடுமாற்றம் சென்ற ஆண்டு வந்தது. பேத்திக்கு ஐந்து வயது, 17 கிலோ. அவளுடைய இருக்கை 9 முதல் 36 கிலோ வரை பயன்படும் வகை. 18 கிலோ வரை வாருடனும், பிறகு வாரைக் கழற்றிவிட்டுப் பூஸ்டராகவும் பயன்படுத்தலாம். அண்ணன் ஒன்பது வயதுக்காரன், பூஸ்டரில் அமர்பவன். “தாத்தா, நானும் பெரியவளாயிட்டேன், எனக்கும் அண்ணா மாதிரி பெல்ட் போடுங்க” என்று ஒவ்வொரு நாளும் மன்றாடினாள். வார் மாட்டுவது அவள் அம்மாவுக்கும் தினசரிப் போராட்டம். “15 கிலோ தாண்டிட்டாளேப்பா, மாத்திடலாமா?” என்று மகள் கேட்டபோது, எனக்கும் மறுக்கக் காரணம் தெரியவில்லை.

கையேட்டை எடுத்துப் படித்தோம். வார் இருக்கை போதாமல் போனதற்கு மூன்று அடையாளங்கள்: எடை வரம்பைத் தாண்டுவது, தோள் மிக உயர்ந்த வார்த்துளைக்கு மேலே செல்வது, காதின் மேல்நுனி இருக்கையின் உச்சியை எட்டுவது. இவற்றில் ஒன்று நேர்ந்தாலும் மாற்றியாக வேண்டும். அவளுக்கு ஒன்றும் நேரவில்லை. ஆயினும், அனுமதி இருக்கிறதே என்று, வாரைக் கழற்றிப் பூஸ்டராக மாற்றி ஒரு சோதனை செய்தோம்.

காய்கறிச் சந்தைக்குச் சென்று வந்த இருபது நிமிடமும் இளவரசி போல நிமிர்ந்து அமர்ந்திருந்தாள். மறுவாரம் மும்பைப் பயணம். முதல் அரைமணி நேரம் பாட்டு; அடுத்து அண்ணனுடன் சண்டை; கீழே விழுந்த பென்சிலை எடுக்க இருமுறை முன்னால் குனிந்தாள். லோனாவாலா மலைப்பகுதியை நெருங்கும்போது உறங்கிவிட்டாள். திரும்பிப் பார்த்தால், உடல் ஒருபக்கம் சரிந்து, தலை கதவை நோக்கித் தொங்க, குறுக்குப் பெல்ட் தோளிலிருந்து நழுவிக் கைக்கு வந்திருந்தது. வேகக் காட்டியில் எண் எண்பதுக்கு மேல். மகள் ஒன்றும் சொல்லாமல் அடுத்த உணவக வளாகத்தில் காரை நிறுத்தினாள். பின்பக்கத்திலிருந்த வாரை எடுத்து, கையேட்டைப் பார்த்துப் பார்த்து, அரைமணி நேரம் செலவிட்டு மீண்டும் பொருத்தினோம். பேத்தி அழுதாள், பிறகு வாரிலேயே நிமிர்ந்தபடி உறங்கினாள்.

அன்று கற்றுக்கொண்டது இது. வார், பிள்ளை உறங்கினாலும் அடம்பிடித்தாலும் தன் வேலையைச் செய்யும். பூஸ்டரிலோ பிள்ளையும் பாதி வேலையைச் செய்தாக வேண்டும். குனியாமல், சாயாமல், பெல்ட்டைக் கைக்கு அடியிலோ முதுகுக்குப் பின்னாலோ தள்ளாமல், பயணம் முழுவதும், தூக்கத்திலும்கூட, அமரத் தெரிய வேண்டும். எடை இதற்கு அளவுகோல் ஆகாது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு இந்தப் பக்குவம் ஐந்து வயதுக்குப் பிறகே வருகிறது. சிலருக்கு ஆறும் ஆகலாம். வார் இருக்கையில் இடம் மிச்சமிருக்கும்வரை அதிலேயே இருக்கட்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகமும் அறிவுறுத்துகிறது. நான்கு வயதிலேயே 18 கிலோவைத் தொட்டுவிடும் பிள்ளைகளுக்கு, கூடுதல் எடை தாங்கும் வார் இருக்கைகளும் உண்டு. வாங்கும்போதே வரம்பைப் பார்த்து வாங்கினால் பிறகு தவிக்க வேண்டியதில்லை.

பூஸ்டருக்கு மாறும்போது முதுகுச்சாய்வு உள்ளதையே தேர்ந்தெடுப்பது நல்லது. தலையின் இருபுறமும் அணைப்பு இருப்பதால் உறங்கும் பிள்ளை அதிகம் சரியாது. பெல்ட்டைத் தோளின் நடுவே நிறுத்தும் வழிகாட்டியும் அதில் இருக்கும். முதுகில்லாத மெத்தை வகை மலிவானது, எடுத்துச் செல்ல எளிது. ஆனால் ஐரோப்பாவின் புதிய விதி அதை 125 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேற்பட்டவர்களுக்கே அனுமதிக்கிறது. அதற்குப் பிறகும், காரின் தலைச்சாய்வு பிள்ளையின் காது வரையிலாவது எட்டினால்தான் அது பொருத்தம்.

எந்தப் பூஸ்டரானாலும் மடியையும் தோளையும் சேர்த்துப் பிடிக்கும் பெல்ட் கட்டாயம் வேண்டும். பழைய கார்கள் பலவற்றில் பின்னிருக்கை நடுவில் மடிப்பெல்ட் மட்டுமே இருக்கும்; அங்கே பூஸ்டரை வைக்கலாகாது. வாடகைக் காரில் வேறு ஒரு சங்கடம். பெல்ட் மாட்டும் கொக்கி இருக்கை உறைக்கு அடியில் எங்கோ புதைந்திருக்கும். ஓட்டுநரிடம் கேட்டால், “பின்னாடி எதுக்கு சார் பெல்ட்?” என்பார். புறப்படும் முன்பே தேடி எடுக்கச் சொல்லுங்கள், தயங்க வேண்டாம். பிள்ளை இல்லாதபோதும் பூஸ்டரைப் பெல்ட்டால் கட்டி வையுங்கள். இல்லையேல் திடீர் நிறுத்தத்தில் அது பறந்து முன்னால் இருப்பவரைத் தாக்கும். உறவினர் கொடுத்த பழைய இருக்கை என்றால், விபத்தில் சிக்கியதா, பயன்பாட்டுக் காலம் முடிந்துவிட்டதா என்பது தெரியாமல் வாங்க வேண்டாம்.

இனிப் பேரனின் கதை. அவனுக்கு எதிர்த்திசைச் சிக்கல். பள்ளித் தோழர்கள் கேலி செய்கிறார்களாம். பூஸ்டரே வேண்டாம் என்றான். அவனுக்கு உபதேசம் செய்வதைவிடச் சோதனையை அவனே செய்யட்டும் என்று விட்டேன். பூஸ்டர் இல்லாமல் பின்னிருக்கையில் அமரச் சொல்லி ஐந்து கேள்விகள் கேட்டேன். முதுகு இருக்கையோடு ஒட்டியிருக்கிறதா? முழங்கால் இருக்கையின் விளிம்பில் மடிகிறதா? மடிப்பெல்ட் வயிற்றின் மீது ஏறாமல் தொடையின் மேற்பகுதியில் படிகிறதா? குறுக்குப் பெல்ட் கழுத்தைத் தொடாமல் தோளின் நடுவே செல்கிறதா? இதே நிலையில் பயணம் முழுவதும் அமர முடியுமா?

முதுகை ஒட்டி அமர்ந்தால் கால் விறைத்து நீண்டது. காலை மடித்தால் இடுப்பு முன்னால் நழுவி, பெல்ட் தொப்புளுக்கு ஏறியது. கழுத்தில் உராய்ந்த பெல்ட்டைத் தானாகவே முதுகுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, என்னைப் பார்த்து அசட்டுச் சிரிப்பு சிரித்தான். ஐந்தில் ஒன்றும் தேறவில்லை. பொதுவாக 145 சென்டிமீட்டர் உயரத்தை எட்டும்போதுதான் இந்த ஐந்தும் கூடிவரும். நம் நாட்டுப் பிள்ளைகள் பலருக்குப் பதினொன்று, பன்னிரண்டு வயதாகிவிடும். காருக்குக் கார் இருக்கையின் ஆழம் வேறுபடுவதால், ஒரு காரில் தேறியவர் மற்றொன்றில் தேறாமலும் போகலாம். பெரியப்பா காரில் ஏறும்போது மீண்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். தேறிய பிறகும் 13 வயது வரை பின்னிருக்கையே ஏற்றது.

விலை பற்றி ஒரு சொல். நல்ல பூஸ்டர் சில ஆயிரம் ரூபாய்தான். அதை ஐந்தாறு ஆண்டுகள் பயன்படுத்தலாம். கார் வாங்கத் திட்டமிடும்போதே முன்பணத்துடன் இத்தொகையையும் ஒதுக்கிவிட்டால், இருக்கை உறைக்குக் கொடுத்த பணத்தைப் பற்றிப் பின்னர் வருந்த வேண்டியிராது. கடையில் வாங்கும் முன் உங்கள் காரிலேயே வைத்து, பிள்ளையை அமர்த்திப் பார்க்க அனுமதி கேளுங்கள்.

பேத்திக்கு இப்போது ஆறு வயது நெருங்குகிறது. சென்ற மாதம் 18 கிலோவைத் தாண்டியதால் பூஸ்டருக்கு மாறியிருக்கிறாள். இம்முறை லோனாவாலாவைத் தாண்டியும் பெல்ட் தோளிலேயே இருந்தது. பேரனின் உயரத்தைச் சமையலறைக் கதவு நிலையில் பென்சிலால் குறித்து வருகிறோம். கடைசிக் கோடு 133 சென்டிமீட்டரில் இருக்கிறது. அதற்கு மேலே 145 என்று எழுதி, பக்கத்தில் ஒரு காரின் படமும் வரைந்து வைத்திருக்கிறான். அடுத்த அளவு, ஜூனில் பள்ளி திறக்கும் முன்.