துளையில்லாத வரிசையில் ஓடும் ஒளி

காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையம் பக்கம் போயிருக்கிறீர்களா? பட்டுத்தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி இருக்கும். துளையிட்ட அட்டைகளைக் கோத்து அதில் மாட்டியிருப்பார்கள். துளை உள்ள இடத்தில் அதற்குரிய பாவு இழைகள் மேலெழும்பும். துளை இல்லாத இடத்தில் எழும்பா. சேலையில் மயிலும் அன்னமும் தோன்றுவது இப்படித்தான். இன்று சில தறிகளில் அட்டைக்குப் பதில் மின்னணுக் கருவி வந்துவிட்டது.

அந்த அட்டைக்குப் பதிலாக ஒரு மெல்லிய சிலிக்கான் தகட்டை நினைத்துக்கொள்ளுங்கள். தகடு முழுவதும் சம இடைவெளியில் வட்டத் துளைகள். நடுவில் ஒரே ஒரு வரிசை மட்டும் துளையிடாமல் விடப்பட்டிருக்கிறது. அந்த வரிசைதான் ஒளி செல்லும் பாதை!

துளைகளுக்கு இடையே உள்ள தூரம் சுமார் 400 நானோமீட்டர். பசை நீக்கிய பட்டின் ஒற்றை நுண்ணிழை சுமார் 10 மைக்ரோமீட்டர் அகலம். அந்த அகலத்துக்குள் 25 துளைகள் அடங்கிவிடும்!

ஒளி ஏன் வெளியேறுவதில்லை?

ஒவ்வொரு துளை வரிசையும் ஒளி அலையில் சிறிதளவைத் திருப்பி அனுப்புகிறது. இடைவெளி அலைநீளத்துக்குப் பொருத்தமாக இருந்தால், திரும்பும் அலைகள் ஒன்றுசேர்ந்து வலுப்பெறும். ஒளி பக்கவாட்டில் நுழைய வழியே இல்லை. மேலும் கீழும் தப்பாமல் முழு அக எதிரொளிப்பு காக்கிறது. இத்தகைய அமைப்பை ‘போட்டானிக் கிரிஸ்டல்’ என்பர். நாம் ஒளிப்படிகம் என்போம். இக்கருத்தை 1987-இல் யாப்ளனோவிச், சஜீவ் ஜான் ஆகிய இருவரும் தனித்தனியே வெளியிட்டனர்.

இழப்பைக் கணக்கிடுவோம்

ஒளி இழப்பை டெசிபலில் அளப்பார்கள். 3 டெசிபல் இழந்தால் ஒளி ஏறக்குறைய பாதியாகும். 6 என்றால் கால்பங்கு. 9 என்றால் அரைக்கால்.

நல்ல கண்ணாடி இழையில் இழப்பு கிலோமீட்டருக்குச் சுமார் 0.2 டெசிபல். சென்னையிலிருந்து காஞ்சிபுரம் ஏறத்தாழ 75 கிலோமீட்டர். 75 × 0.2 = 15 டெசிபல். அதாவது ஐந்து முறை பாதியாதல். ஆகவே 32-இல் 1 பங்கு ஒளி காஞ்சியை அடையும்.

ஒளிப்படிகப் பாதையிலோ, நன்றாகச் செய்ததிலும் சென்டிமீட்டருக்கே சில டெசிபல் இழப்பு உண்டு. 3 என்று கொள்வோம். 5 சென்டிமீட்டரில் 15 டெசிபல்! 75 கிலோமீட்டர் இழையில் போவது இங்கே ஒரு விரல் நீளத்தில் போய்விடுகிறது.

காரணம் என்ன? வடிவமைப்பா? இல்லை. நெசவில் ஒரு புட்டாவுக்கு மட்டும் கட்டத்தாளில் படம் வரைந்து, அதையே திரும்பத் திரும்ப நெய்வார்கள் அல்லவா? அதுபோலவே இங்கும் திரும்ப வரும் ஒரு கட்டத்துக்கு மட்டும் மாக்ஸ்வெல் சமன்பாடுகளைக் கணிப்பொறி தீர்க்கிறது. சரியாக வடிவமைத்த பாதையில், துளைகள் பிசகின்றி இருந்தால், சிதறலால் இழப்பு பூஜ்யம் என்றே விடை வருகிறது.

ஆனால் கையால் நெய்த சேலையானாலும், கருவியால் குடைந்த துளையானாலும் சிறு பிசகு இருக்கவே செய்யும். துளையின் விளிம்பு ஓரிரு நானோமீட்டர் கோணினாலும் அங்கே ஒளி சிதறும். எனவே எலெக்ட்ரான் நுண்ணோக்கியால் பிசகுகளை அளந்து, ஒவ்வொன்றும் சிதறடிக்கும் ஒளியைக் கணக்கிட்டுக் கூட்டுகிறார்கள்.

வேகமா, விரயமா?

அப்படியானால் இந்தப் பாதை எதற்கு? இதில் ஒளியின் வேகத்தை வெகுவாகக் குறைக்க முடியும். மெதுவாகச் செல்லும் ஒளி பொருளோடு அதிக நேரம் உறவாடுகிறது. ஆகையால் சில்லின் மிகச் சிறிய இடத்திலேயே ஒளிச் செய்திகளைத் தாமதப்படுத்தலாம், மாற்றலாம். அங்கே பாதை மில்லிமீட்டர் அளவுதான். ஆகவே இழப்பைத் தாங்கலாம்.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. தயங்கும் ஒளி பிசகுகளோடும் அதிகம் உறவாடுகிறது! எளிய கணக்குப்படி, வேகம் பாதியானால் வெளியே சிதறுவது 2 மடங்கு. வந்த வழியே பின்னோக்கிச் சிதறுவது 4 மடங்கு. எவ்வளவு மெதுவாக்கலாம் என்பதை முடிவு செய்வது இந்தக் கணக்கே. சென்னை ஐ.ஐ.டி.யிலும் சிலிக்கானில் ஒளிச் சுற்றுகள் அமைக்கும் ஆராய்ச்சி நடைபெறுகிறது.

உங்களுக்கு ஒரு கணக்கு: சென்டிமீட்டருக்கு 3 டெசிபல் இழக்கும் பாதையில் இழப்பு முழுவதும் பின்சிதறலே என்று கொள்ளுங்கள். ஒளியின் வேகத்தைப் பாதியாக்கினால், 1 சென்டிமீட்டர் கடந்தபின் மிஞ்சும் ஒளி எவ்வளவு?

(விடை: இழப்பு 12 டெசிபல், மிஞ்சுவது 16-இல் 1 பங்கு.)