மலைச்சரிவு வீடுகளில் ஓதமும் அதைத் தடுக்கும் வகையும்

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் மலைச்சரிவிலும், அதற்கப்பாலுள்ள ஏலமலைகளிலும், சரிவை வெட்டிச் சமன்செய்த இடத்திலேயே அநேக வீடுகள் கட்டப்படுகின்றன. அவற்றின் பின்சுவர் அடிப்பாகம் மண்ணோடு ஒட்டி நிற்கின்றது. ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழையும், அக்டோபர் முதல் வடகிழக்குப் பருவமழையும் பெய்வதால் அம்மண் உலர்வதற்கு அவகாசம் குறைவு. அந்த ஈரமே சுவரில் ஓதமாய் ஏறுகின்றது.

ஓதத்தால் சுவர் மட்டுமன்றிச் சரக்கும் கெடும். ஏலக்காய், ஈரம் பத்தில் ஒரு பங்குக்கு மேற்படாதவாறு ஸ்டோரில் உலர்த்தப்படுகின்றது. ஓதமுள்ள பின்னறையில் வைத்தால் அது மறுபடியும் ஈரத்தை இழுத்து, பச்சை நிறம் மங்கிப் பூசணம் பிடிக்கும். நிறம் மங்கிய காய்க்கு ஏலத்தில் விலை குறையும். ஒரு வருஷத்து உழைப்பு இவ்வாறு வீணாகக்கூடும்.

நீர் எவ்வழியே வருகின்றதென்று முதலில் அறிதல் வேண்டும். ஒரு முழச் சதுரமுள்ள பாலிதீன் தாளின் நான்கு ஓரங்களையும் சுவரில் நன்றாய் ஒட்டி, இரண்டு நாள் கழித்துப் பார்க்கவும். உட்புறம் நனைந்திருந்தால் நீர் சுவரின் வழியே வருகின்றது. வெளிப்புறம் நனைந்திருந்தால் அறைக் காற்றிலுள்ள ஆவியே குளிர்ந்த சுவரில் படிகின்றது. இதற்குச் சமையல் ஆவி வெளியேறச் சாளரம் அமைத்தலே பரிகாரம்.

சுவரின் வழியே நீர் வருமாயின், பலர் உட்புறம் சிமெண்டு பூசிவிட்டுத் திருப்தியடைகின்றனர். இது பயன்படாது. பூச்சு நீரைச் சுவருக்குள் அடைத்து மேலும் உயர ஏறச் செய்யும். நாளடைவில் உப்புப் பூத்து உதிரும். சுவரை அணுகுமுன் நீரைத் திருப்புவதே தக்க வழி. வீட்டின் மேற்புறச் சரிவில் குறுக்காக வாய்க்கால் வெட்டி, பக்கவாட்டில் நீரை வடியவிட வேண்டும். கூரைநீர் சுவரடியில் விழாதபடி தகரத் தூம்பு அமைக்கவும். மண்தாங்கும் சுவராயின் அதன் பின்னால் கல்ஜல்லி நிரப்பி, அடியில் நீர் வடியத் துளைகள் விடவேண்டும். துளையில்லாத சுவர் நீரின் பாரத்தால் சாயக்கூடும். சுவரடி மண்ணை மழைக்காலத்தில் தோண்டலாகாது. அஸ்திவாரத்திற்குக் கீழும் போகலாகாது. வேலை முடியும்வரை மூட்டைகளைச் சுவரினின்று ஒரு முழம் தள்ளி மரப்பலகைமேல் அடுக்குக.

மேற்சரிவில் புதிய வெடிப்புக் கண்டாலும், ஊற்றுநீர் திடீரெனக் கலங்கி வந்தாலும், வாய்க்காலை நம்பி இராமல் உடனே வீட்டை விட்டு அகலவேண்டும். 2020 ஆகஸ்டு 6ஆம் தேதி இரவு, மூணாறை அடுத்த பெட்டிமுடியில் மண் சரிந்து 70 பேர் மாண்டதை யாவரும் நினைவிற் கொள்க.

மேல்வீட்டு வாய்க்கால் நீர் கீழ்வீட்டுச் சுவரடியில் விழுமாயின், ஒருவர் நஷ்டம் மற்றொருவர்மேல் சுமத்தப்பட்டதேயன்றித் தீர்ந்ததாகாது. ஆகையால் ஒரு வரிசை வீடுகளுக்கும் பொதுவாய் ஒரே வடிகால் அமைத்து ஓடையில் சேர்க்க வேண்டும். அங்கத்தினர்கள் சங்கக் கூட்டத்தில் இதைத் தீர்மானித்து, ஆளுக்கு இத்தனை நாள் வேலையென்று பகிர்ந்துகொண்டு, ஜூன் மழைக்கு முன்னரே முடித்தல் நலம்.