மருந்தோட அளவு குறைஞ்சா பாதுகாப்பும் குறையுமா?

போன எபிசோடுல நாய்க்கடி பற்றிப் பேசினதுக்கு அப்புறம் ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வந்தது: "தனியார் கிளினிக்ல ஒரு குப்பி முழுசா போடுறாங்க. அரசு மருத்துவமனைல துளியூண்டு போட்டு அனுப்பிடுறாங்க. இது போதுமா?"

எனக்கும் இந்தச் சந்தேகம் வந்திருக்கு. தெருநாய் கடிச்சு நான் போனப்போ, நர்ஸம்மா ரெண்டு தோள்லயும் 0.1 மில்லி வீதம் தோலுக்குள்ளயே போட்டாங்க. போட்ட இடம் சின்னதா புடைச்சுது. "அவ்வளவுதானா?"ன்னு கேட்டேன். "புடைச்சிருச்சுல்ல, சரியா இறங்கியிருக்கு"ன்னாங்க.

அவங்க சொன்னது சரி. தோலுக்குள் நோய் எதிர்ப்பு மண்டலத்தின் காவல் செல்கள் நெருக்கமாக இருக்கின்றன. அவை மருந்தைப் பிடித்து நிணநீர் முடிச்சுகளுக்குக் கொண்டுபோகும். அங்கேதான் ஆன்டிபாடி தயாரிக்கும் வேலை தொடங்குகிறது. தசையில் இந்தச் செல்கள் குறைவு. அதனால்தான் அங்கே மருந்து அதிகம் தேவை.

கணக்குப் பாருங்க. தசை வழியில் 5 தவணை, 5 குப்பி. தோல் வழியில் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் 4 தவணை, மொத்தமே 0.8 மில்லி. ரேபிஸுக்கு ஒரு மில்லி சீரத்தில் 0.5 சர்வதேச அலகு ஆன்டிபாடி இருந்தால் போதுமான அளவு என்கிறார்கள். இரண்டு வழியிலும் அந்த அளவைத் தாண்ட முடிகிறது. இந்தியாவில் 2006லேயே தோல் வழிக்கு அனுமதி கிடைத்துவிட்டது.

இடம் தப்பினால் என்ன ஆகும்? அதற்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி நல்ல உதாரணம். 1980களில் அமெரிக்காவில், பிட்டத்தில் ஊசி போட்டவர்களுக்கு, மேற்கையில் போட்டவர்களைவிட ஆன்டிபாடி குறைவாக உருவானது தெரியவந்தது. அதே மருந்து, அதே அளவு. ஆனால் பிட்டத்தில் கொழுப்பு அதிகம். ஊசி பல நேரம் தசையை எட்டுவதில்லை. அதனால் பெரியவர்களுக்கு மேற்கைத் தசையில் போடச் சொன்னார்கள். ரேபிஸ் ஊசியையும் பிட்டத்தில் போடக் கூடாது.

அப்போ, தசை ஊசியையும் பாதி போட்டுக்கலாமான்னு கேட்காதீங்க. குறைந்த அளவு தோலுக்குள் போட்டால்தான் செல்லும். புடைக்கவில்லை என்றால் ஆழமாகப் போயிருக்கலாம்; வேறு இடத்தில் மறுபடி போட வேண்டும். நோய் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள் அதை முதலிலேயே டாக்டரிடம் சொல்லிடுங்க.

இன்னொன்னு. ஆன்டிபாடி உருவாக ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதனால்தான் ஆழமான கடிக்குக் காயத்திலேயே இம்யூனோகுளோபுலின் போடுறாங்க. கடிச்ச உடனே 15 நிமிஷம் சோப்பு போட்டுக் கழுவுங்க. தவணையைத் தவறவிடாதீங்க. ஊசி சின்னதா இருக்கேன்னு நடுவுல நிறுத்திடாதீங்க.