ஜப்பானியப் பள்ளியில் அயல்நாட்டு ஆசிரியத் தம்பதியர்



கடல் கடந்து பிழைத்தல் நம்மவர்க்குப் புதிய செய்தியன்று. நம் நாட்டுத் தோட்டங்களில் பால்மரம் சீவிய முன்னோருள் பலர், கணவனும் மனைவியுமாக வந்து சேர்ந்தவர்களே. அவ்வாறே, பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் பொருட்டு அயல்நாடு செல்லும் தம்பதியரும் உளர். அன்னாருடைய அன்றாட வாழ்க்கை எத்தகையது என்பதை, ஜப்பான் நாட்டை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஈண்டுக் காண்போம்.

1987ஆம் ஆண்டில் ஜப்பானிய அரசு 'ஜெட்' எனும் திட்டத்தைத் தொடங்கிற்று. அயல்நாட்டாரை வரவழைத்துப் பள்ளிகளில் மொழித் துணையாசிரியர்களாக அமர்த்துவது அதன் முதன்மையான பணியாகும். முதலாண்டில் அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நான்கு நாடுகளினின்றும் 848 பேர் சென்றனர். ஒப்பந்தம் ஓராண்டுக்குரியது, ஐந்தாண்டு வரை நீட்டிக்கப்படலாம். மணமானவர்களும் இப்பணிக்குச் செல்கின்றனர். சில இல்லங்களில் இருவரும் ஆசிரியர்; வேறு சிலவற்றில் ஒருவர் மட்டும் பணியாற்ற, மற்றவர் இல்லத்தைக் கவனித்துக்கொள்வார்.

சென்று குடியேறிய 14 நாள்களுக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்தல் வேண்டும். வீடு பெரும்பாலும் சிறியது. கோரைப்பாய் பதித்த அறையாயின், அதன் பரப்பைப் பாய்களின் எண்ணிக்கையால் குறிப்பிடுவர். குப்பை போடுவதற்கும் ஒழுங்குண்டு. எரியக்கூடியவை, நெகிழி, போத்தல், தகரக்குவளை எனப் பிரித்து, அந்தந்த வகைக்குரிய நாளில் காலையில் வைத்தல் வேண்டும். தவறான நாளில் வைத்த பை அள்ளப்படாமல் அங்கேயே கிடக்கும்.

அனைத்திலும் பெரிய இடர் எழுத்தே. ஜப்பானிய மொழியில் ஒலியெழுத்துகள் இருவகை. ஒவ்வொரு வகையிலும் அடிப்படை எழுத்துகள் 46. இவையன்றி, சீனத்திலிருந்து வந்த சித்திர எழுத்துகள் 1,026ஐ அந்நாட்டுப் பிள்ளைகள் தொடக்கப்பள்ளியின் ஆறாண்டுகளில் கற்கின்றனர். பல்கலைக்கழகப் பட்டம் பெற்று வந்த ஆசிரியர், தம் வீட்டுக்கு வரும் கடிதத்தைப் படிக்கவியலாது, முதலாம் வகுப்புப் பிள்ளையினும் பின்தங்கி நிற்பார். கற்பிக்கச் சென்றவரே முதலில் மாணவராகிறார்.

பள்ளி வாயிலில், நாம் வீட்டு வாயிலில் செருப்பைக் கழற்றுவது போன்று, வெளிக்காலணியை நீக்கி உள்காலணி அணிவர். ஆசிரியர் அறையில் நுழைந்ததும் அனைவர்க்கும் காலை வணக்கம் கூறுதல் வேண்டும். வகுப்பில் ஜப்பானிய ஆசிரியரோடு இணைந்து ஆங்கிலம் கற்பிப்பர்.

நண்பகலில் நம் பள்ளிகளைப் போன்று சிற்றுண்டிச் சாலைக்குச் செல்வதில்லை. பள்ளியுணவுக்கென 1954ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றிய நாடு அது. மாணவர்களே வெள்ளை மேலாடையும் தொப்பியும் அணிந்து வகுப்பறையில் உணவு பரிமாறுவர். ஆசிரியரும் அதே உணவை அவர்களோடு அமர்ந்து உண்பார். சைவ உணவினர்க்கு இது கடினமே. காய்கறிச் சாறெனத் தோன்றுவதிலும் உலர்மீன் சாறு கலந்திருத்தல் கூடும்.

பின்னர் துப்புரவு வேளை. மாணவர்களே துடைப்பமும் துணியும் ஏந்தி வகுப்பறையையும் நடைவழியையும் தூய்மை செய்வர். ஆசிரியரும் உடனிருந்து கைகொடுப்பார். வகுப்பில் வாய்திறவாத மாணவன், தரையைத் துடைக்கும் பொழுது அயல்நாட்டு ஆசிரியரிடம் ஒரு சொல் பேசத் துணிவான். பாடநூல் திறவாத கதவைத் துடைப்பம் திறந்துவிடும்.

மாலையில் இல்லம் திரும்பினால் தாய்மொழியில் பேசத் துணையுண்டு. தனியே சென்றவர்க்கு வாய்க்காத பேறு இது. எனினும் இதிலும் ஓர் இடர் உண்டு. இருவரும் ஒருவருக்கொருவர் போதுமெனக் கதவடைத்திருப்பின், ஐந்தாண்டு கழிந்தும் அண்டை வீட்டாரை அறியாமலே திரும்ப நேரிடும். கடைக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் சேர்ந்து செல்லும் தம்பதியரே அவ்வூரின் மொழியை விரைந்து கற்பர்.

ஊரோடு வாழ்பவர் அவ்வூரின் துன்பத்திலும் பங்கு கொள்வர். 2011 மார்ச் 11ஆம் நாள் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் ஜப்பானின் வடகிழக்குக் கரையைத் தாக்கின. இஷினோமாகி நகரில் பணியாற்றிய டெய்லர் ஆண்டர்சன் எனும் அமெரிக்க ஆசிரியைக்கு அப்போது வயது 24. மாணவர்கள் பெற்றோரிடம் சேர்க்கப்படும் வரை பள்ளியில் உடனிருந்து, பின்னர் வீடு திரும்பியபோது அவர் அலையில் உயிர்நீத்தார். அவருடைய தாயும் தந்தையும் தம் துயரத்தினூடே அவ்வட்டாரப் பள்ளிகளுக்கு நூல்களும் நூலடுக்குகளும் வழங்கினர். மகளின் பெயர் தாங்கிய அந்நூல்களை ஜப்பானியப் பிள்ளைகள் படிக்கின்றனர்.

மாணவச் செல்வங்களே! நீங்களும் நாளை வேற்றூருக்கோ வேற்று நாட்டுக்கோ பணி நிமித்தம் செல்லக்கூடும். சான்றிதழ் உங்களுக்கு வேலை தரும். அவ்வூர் மக்களின் அன்பையோ, அவர்களோடு உண்பதனாலும் உழைப்பதனாலுமே பெறவியலும். ஆசிரியர் ஏந்தும் துடைப்பத்தால் ஆசிரியரின் மதிப்புக் குறைவதில்லை. பெற்றோர் ஏந்தும் பால்வாளியாலும் அவர்தம் மதிப்புக் குறைவதில்லை. இதனை உணர்ந்த பிள்ளை எந்நாட்டிலும் தலைநிமிர்ந்து வாழும்.

அவ்வண்ணமே வாழ்க, வளர்க!