கூத்துக் கொப்பி

நாட்டுக்கூத்துப் பாடற் பிரதி. பனையோலையிலும் பின்னர் காகிதத்திலும் எழுதப்பட்டது. 19–20ஆம் நூற்றாண்டு வழக்கு.

வரவு, தரு, விருத்தம், கொச்சகம் ஆகிய பாடல் வகைகள் எந்த வரிசையில் வரும் என்பதைக் கூத்து ஆசானான அண்ணாவியார் இதைக் கொண்டே பழக்கினார். கொப்பி பெரும்பாலும் அவர் வீட்டிலேயே இருந்தது. 1990இல் போரால் யாழ்ப்பாணத் தீவுப்பகுதி மக்கள் வீடுகளை விட்டு இடம்பெயர்ந்தார்கள். ஆளில்லாத வீட்டில் ஏட்டைக் கறையானும் மழையும் விட்டுவைப்பதில்லை.

1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்பு, மன்னார்க் கூத்துகள் சிலவற்றைப் பதிப்பித்தார். 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகத்தில் ஈழத்து நூல்களை எவரும் இலவசமாக வாசிக்கலாம்.

ஆனால், கொப்பியை ஒளிவருடினாலும் பக்கத்தில் பாட்டின் சொல் மட்டுமே நிற்கும். மெட்டும் மத்தள அடியும் நில்லா. அவற்றை அண்ணாவிமார் பாடும்போதே ஒலிப்பதிவு செய்ய வேண்டும்.

பழைய கொப்பி வைத்திருப்போரே, நைந்த தாளை அழுத்தி நிமிர்த்தாமல், உள்ளபடியே படமெடுத்து வையுங்கள்.