பொலிஸ் பிடிக்கப் பழகுகிறது. பிள்ளை தப்பப் பழக வேண்டும்

ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் விடுமுறைகாலத் தற்காப்பு வகுப்புகளுக்குப் பதிவு இந்த வாரத்தோடு முடிகிறது. வந்திருக்கும் கடிதங்களில் பெரும்பாலானவை கேட்பது ஒன்றைத்தான்: ‘பொலிஸ் தரப் பயிற்சி’ என்று சுவரொட்டியில் போட்டிருக்கிறார்களே, பிள்ளையை அதில் சேர்ப்பதா, வழக்கமான கராத்தே வகுப்பே போதுமா? பொலிஸ்காரர் படிப்பதைப் படித்தால் அவருடைய அதிகாரமும் மகளுக்கு வந்துவிடுமா என்று பொகவந்தலாவைத் தாயொருவர் கேட்டிருக்கிறார். வராது. அந்தப் பயிற்சியே மகளுக்குப் பொருந்துமா என்பதும் சந்தேகம்தான்.

எதிராளி ஓடிவிட்டால் நமக்கு ஆபத்து தீர்ந்தது. பொலிஸ்காரருக்கு வேலை அங்கேதான் தொடங்குகிறது. குற்றத்தைத் தடுப்பதும் குற்றவாளியைச் சட்டத்தின் முன் நிறுத்துவதும் 1865ஆம் ஆண்டின் பொலிஸ் கட்டளைச் சட்டம் அவருக்கு விதித்த கடமை. எனவே அவர் துரத்தவும், நெருங்கவும், மணிக்கட்டை மடக்கவும், தரையில் கிடத்தி விலங்கு மாட்டவும் பழக்கப்படுகிறார். இடுப்பில் தடி, பக்கத்தில் இன்னொருவர், கூப்பிட்டால் வர ஒரு ஜீப் என்ற நம்பிக்கையில்தான் அந்தப் பயிற்சி நிற்கிறது.

மலையில் கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கு இவை எதுவும் இல்லை. கூடைக் கயிறு தலையில் கிடக்கும். பின்னாலிருந்து ஒருவன் கூடையைப் பிடித்து இழுத்தால் கழுத்து பின்னுக்கு வளையும், ஈரமண்ணில் கால் வழுக்கும். அவள் முதலில் பழக வேண்டியது தலையைக் குனிந்து கயிற்றைக் கழற்றிக் கூடையை அப்படியே விட்டுவிடுவதை. கொழுந்து கொட்டினால் கிலோ குறையுமே என்ற பயம் கையைக் கட்டிப்போடும்; அந்தப் பயத்தைப் பழக்கத்தால்தான் வெல்ல முடியும். பிறகு சத்தம் போட்டபடி மற்றவர்கள் நிற்கும் நிரையைப் பார்த்து ஓட வேண்டும். மண்டபத்தில் பாய் விரித்துக் கற்ற மணிக்கட்டுப் பிடி அவளைத் தாக்குபவனுக்குப் பக்கத்திலேயே நிறுத்திவைக்கும். அது அவளுக்கு ஆபத்து.

சட்டத்தில் மட்டும் இருவரும் ஒரே இடத்தில் நிற்கிறார்கள். தண்டனைச் சட்டக்கோவையின் 89 முதல் 99 வரையான பிரிவுகள்தான் பொலிஸ்காரருக்கும் நமக்கும் தற்காப்பு உரிமையைத் தருகின்றன. அவருக்குக் கூடுதலாக இருப்பது கைதுசெய்யும் அதிகாரம். கைதாகிறவர் முரண்டு பிடித்தால் தேவையான வழியைக் கையாளலாம் என்று 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 23ஆம் பிரிவு அனுமதிக்கிறது. மரண தண்டனைக்குரிய குற்றம் சாட்டப்படாத ஒருவரைக் கொல்ல அது உரிமை தரவில்லை என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஆயுதத்தைக் காட்ட அழைத்துச் சென்றபோது சந்தேகநபர் தாக்க முயன்றார், தற்காப்புக்காகச் சுட்டோம் என்ற அறிக்கைகளை நாம் வாசித்துக்கொண்டே இருக்கிறோம். ‘குறைந்தபட்ச பலம்’ என்பதும் அடிக்கடி வரும். அந்தக் குறைந்தபட்சத்தை அளந்தவர் யார் என்று கேட்கும் உரிமை மலையக மக்களுக்கு மற்றவர்களைவிட அதிகம். 1940இல் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தனும், 1977 மே 11ஆம் திகதி டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணனும் பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில்தான் விழுந்தார்கள்.

எந்த வகுப்பிலும் சொல்லித்தராத ஒன்று தண்டனைச் சட்டக்கோவையின் 92ஆம் பிரிவில் இருக்கிறது. அரச ஊழியர் ஒருவர் பதவியின் பேரில், நல்லெண்ணத்தோடு ஒன்றைச் செய்தால், அது முழுக்கச் சட்டப்படி சரியில்லாவிட்டாலும் அவருக்கு எதிராகத் தற்காப்பு உரிமை கிடையாது. உயிருக்கோ, எலும்பு முறிவு, பார்வை இழப்பு போன்ற கொடுங்காயத்துக்கோ நியாயமாக அஞ்சவேண்டிய நிலை வந்தால் மட்டும் அந்த உரிமை திரும்பக் கிடைக்கும்.

இதை லயத்து வாசலில் வைத்துப் பாருங்கள். பொலிஸ்காரர் வந்து ஓர் இளைஞனின் சட்டையைப் பிடிக்கிறார். கைதுக்குச் சொன்ன காரணத்தில் ஓட்டை இருக்கிறது. இளைஞன் கற்ற பிடியைப் பயன்படுத்தி அவர் கையை முறுக்கிவிடுகிறான். பொலிஸ்காரர் நல்லெண்ணத்தோடு நடந்தார் என்று நீதிமன்றம் கருதினால் குற்றவாளி இளைஞன்தான். போதிய கவனமில்லாமல் செய்தது நல்லெண்ணத்தில் சேராது என்று சட்டக்கோவையே சொல்கிறதுதான். ஆனால் அது நீதிமன்றத்தில் காலம் கடந்து தீர்மானமாகும் விஷயம். வாசலில் நிற்பவனுக்கு அந்த நொடியில் எப்படித் தெரியும்? மலையில் கோப்பி அழிந்து தேயிலை பரவிய 1883இல், 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தைப் பின்பற்றி எழுதப்பட்ட விதி இது. இந்தியா புதிதாகக் கொண்டுவந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் 37ஆம் பிரிவாகத் தொடர்கிறது. ஆளப்படுகிறவன் கையை மடக்கி வைத்துக்கொண்டு பிறகு வழக்காடட்டும் என்ற எண்ணம் இதில் இருக்கிறது. வழக்காடப் பணமில்லாதவர்கள் மீது இதன் பாரம் கூடுதலாக விழுகிறது.

நமது 92ஆம் பிரிவின் விளக்கக் குறிப்பில் ஒரு வாசல் திறந்திருக்கிறது. எதிரில் நிற்பவர் அரச ஊழியர் என்று உங்களுக்குத் தெரியாமலும், அப்படி நம்பக் காரணம் இல்லாமலும் இருந்தால் உங்கள் உரிமை பறிபோகாது. சிவில் உடையில் வந்து கையைப் பிடிப்பவரிடம் “யார் நீங்க? எந்தப் பொலிஸ்? அடையாள அட்டையைக் காட்டுங்க” என்று அக்கம்பக்கம் கேட்கும்படி சத்தமாகக் கேளுங்கள். அவர் காட்டினால் எதிர்ப்பதை நிறுத்திக்கொள்ளுங்கள். காட்ட மறுத்தால், கேட்டதற்கு அயலவர் சாட்சி. பிள்ளைகளுக்குக் குத்துக்கும் உதைக்கும் முன்னால் இதைப் பழக்க வேண்டும் என்பேன்.

இன்னொன்று: தற்காப்பு என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும், சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 105ஆம் பிரிவுப்படி. பொலிஸ்காரருக்கு நடந்ததைப் புத்தகத்தில் பதிவது வேலையின் பாதி. நம் பிள்ளைகளுக்கு அதை யாரும் கற்றுத்தருவதில்லை. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் எந்தக் கை எங்கே பிடித்தது என்று வைத்தியரிடம் சொல்லுங்கள். கிழிந்த சட்டையைத் துவைக்காமல் வையுங்கள். கவ்வாத்துக் கத்தி கையில் இருக்கும்போது இது இன்னும் முக்கியம். வல்லுறவு முயற்சியில் எதிராளியின் உயிர் போனாலும் தண்டனைச் சட்டக்கோவையின் 93ஆம் பிரிவு காக்கும். அவன் திரும்பி ஓடத் தொடங்கிய பின் முதுகில் விழும் வெட்டை எந்தப் பிரிவும் காக்காது.

மற்றக் கேள்விகள்:

திருடனை நாமே பிடிக்கலாமா? பிடியாணையின்றிக் கைதுசெய்யக்கூடிய குற்றம் கண்முன்னே நடந்தால் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 35ஆம் பிரிவுப்படி பிடிக்கலாம். தாமதமின்றிப் பொலிஸில் ஒப்படைக்க வேண்டும், மரத்தில் கட்டி அடித்தால் நீங்களும் குற்றவாளி.

கறுப்புப் பட்டி எடுத்தவருக்குத் தனிச் சட்டமா? இல்லை.

பஸ்ஸில் தொல்லை தந்தால்? தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு ஐந்து வருடம் வரை சிறை என்கிறது; ஐ.நா. சனத்தொகை நிதியத்தின் 2015ஆம் ஆண்டு ஆய்வில் 90 வீதமான பெண்கள் பஸ், ரயிலில் தொல்லைக்குள்ளானதாகச் சொன்னார்கள், பொலிஸுக்குப் போனவர்கள் 4 வீதம்.

யாரை அழைப்பது? பொலிஸ் 119, பெண்களுக்கு 1938.

முறைப்பாட்டைச் சிங்களத்தில் எழுதினால்? தமிழில் வாசித்துக் காட்டும்வரை கையெழுத்திடாதீர்கள்.

பொலிஸாரே அடித்தால்? சித்திரவதைக்கு 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டத்தில் குறைந்தது ஏழு வருடச் சிறை உண்டு. அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால் விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. ஆணைக்குழுவின் எண் 1996.