டீக்கடையா, தேயிலைக் கடையா?

தேவாலா கடைவீதியில் அருகருகே இரண்டு கடைகள் உள்ளன. ஒன்றில் கண்ணாடிக் குவளையில் சூடாகத் தேநீர் கிடைக்கும். மற்றொன்றில் தேயிலைத் தூள் பொட்டலங்கள் விற்பனைக்கு இருக்கும். முன்னது டீக்கடை, பின்னது தேயிலைக் கடை. நீலகிரியில் ஒரு சிறுவனுக்குக்கூட இந்த வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை. ஆனால், இணைய வரைபடம் ஒன்றில் இவ்விரு கடைகளையும் குறிக்க அமர்ந்தபோது, பல்லாண்டுகள் பொருளாதாரம் கற்பித்த நான் திகைத்துப் போனேன்.

நான் குறிப்பிடுவது 'ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்' என்னும் திறந்த வரைபடத்தை. இங்கிலாந்தில் 2004-இல் தொடங்கப்பட்ட இதற்குத் தனி முதலாளி இல்லை. விக்கிப்பீடியாவைப் போல யார் வேண்டுமானாலும் இதில் தகவல் சேர்க்கலாம், திருத்தலாம். பதிவு செய்துகொண்டோர் எண்ணிக்கை ஒரு கோடியைக் கடந்துவிட்டது. 2010-இல் ஹெய்ட்டி நிலநடுக்கத்தின்போதும், 2015-இல் சென்னைப் பெருவெள்ளத்தின்போதும் தன்னார்வலர்கள் இதைப் பயன்படுத்தியே பாதிக்கப்பட்ட பகுதிகளைக் குறித்தனர். பெரும் தொழில்நுட்ப நிறுவனங்கள் பலவும் தங்கள் செயலிகளுக்கு இதிலிருந்து தரவுகளை எடுத்துக்கொள்கின்றன. எனவே, இதில் இடப்படும் ஒரு புள்ளி, நாம் அறியாத பல திரைகளில் தோன்றும்.

இவ்வரைபடத்தில் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு 'குறிச்சொல்' இட வேண்டும். குறிச்சொற்கள் ஆங்கிலத்தில் உள்ளன. 'டீ' என்ற குறிச்சொல்லைக் கடை வகைகளுள் தேடினால் கிடைக்கும். ஆனால், அது தேயிலைத் தூள் விற்கும் கடையையே குறிக்கும். நம் டீக்கடையைச் சேர்க்க வேண்டிய இடம் உணவகங்களுக்கு அருகில் உள்ள 'கஃபே' என்னும் வகை. டீக்கடையைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துக் குறித்தால், மழையில் நனைந்து வரும் வழிப்போக்கருக்கு ஒரு வாய்த் தேநீருக்குப் பதிலாகக் கால் கிலோ தூள்தான் கிடைக்கும்.

இது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால், நான் செய்த அடுத்த பிழை அவ்வளவு வேடிக்கையானதன்று. சிற்றுண்டி விற்கும் ஓர் உணவகத்தின் பெயர்ப்பலகையில் 'ஹோட்டல்' என்றிருந்ததால், அதை அப்படியே 'ஹோட்டல்' என்று குறித்தேன். தமிழ்நாட்டில் ஹோட்டல் என்றால் இட்லி, தோசை. வரைபட வழக்கிலோ அது தங்கும் விடுதி. தென்மேற்குப் பருவமழை கொட்டிக்கொண்டிருந்த ஓர் இரவில், கைக்குழந்தையோடு வந்த ஒரு குடும்பம் கைப்பேசியைக் காட்டி அக்கடையில் அறை கேட்டிருக்கிறது. தமிழகத்திலேயே மிகுதியாக மழை பெய்யும் ஊர்களுள் தேவாலாவும் ஒன்று. அந்த மழையில், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த கடைக்காரர்தான் அவர்களுக்கு வேறிடம் தேடிக் கொடுத்தாராம். மறுநாள் காலை அவர் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றே அப்பிழையைத் திருத்தினேன்.

இதைவிடக் கவலைக்குரியது மருந்துக் கடை. இந்தியாவில் மருந்துகள் தொடர்பான 1945-ஆம் ஆண்டு விதிகளின்படி, பதிவு பெற்ற மருந்தாளுநரைப் பணியில் வைத்திருக்கும் கடையே 'கெமிஸ்ட்ஸ் அண்ட் டிரக்கிஸ்ட்ஸ்' என்று பெயர்ப்பலகை வைக்கலாம். திறந்த வரைபடத்திலோ 'கெமிஸ்ட்' என்பது சோப்பு, பற்பசை, அழகுப் பொருள்கள் விற்கும் கடை. மருத்துவரின் சீட்டுக்கு மருந்து தரும் கடை 'பார்மசி'. பலகையைப் பார்த்து ஒருவர் 'கெமிஸ்ட்' என்று பதிந்துவிட்டால், நள்ளிரவில் மருந்துக் கடையைத் தேடுபவரின் கண்ணுக்கு அந்தக் கடை தென்படாமலே போகலாம். 'டிபார்ட்மென்டல் ஸ்டோர்' என்று நாம் சொல்லும் பத்தடி மளிகைக் கடைக்கும் இதே கதிதான். வரைபடத்தில் அச்சொல், பல பிரிவுகள் கொண்ட பெரும் அங்காடியையே குறிக்கும்.

வகைப்பாடு என்பது பொருளாதாரத்துக்குப் புதிதன்று. நம் நாட்டில் 1977-இல் முதல் பொருளாதாரக் கணக்கெடுப்பு நடைபெற்றது. 2013-14-இல் நடைபெற்ற ஆறாவது கணக்கெடுப்பு, சுமார் 5.85 கோடி தொழில் நிலையங்கள் இருப்பதாகக் காட்டியது. அவற்றை வகைப்படுத்துவதற்கென்றே தேசியத் தொழில் வகைப்பாடு ஒன்று உள்ளது. ஒரு நிலையம் பல தொழில்களைச் செய்தாலும், அதன் முதன்மைத் தொழில் எதுவோ அதன்கீழ் சேர்ப்பதே அங்கும் நெறி. ஆனால், மலையோரக் கடையில் முதன்மைத் தொழில் எது? அரிசி, குடை, ரப்பர் காலணி, கைப்பேசி ரீசார்ஜ், வாழைப்பழம், காய்ச்சல் மாத்திரை என அனைத்தும் ஒரே கடையில் இருக்கும். தோட்டத் தொழிலாளிக்குச் சம்பள நாள் வரை கடன் தருவதும் அக்கடையே. அந்தக் கடன் கணக்கு நோட்டுக்கு எந்த வகைப்பாட்டிலும் இடமில்லை.

அடுத்தது வணிகச் சின்னம். திறந்த வரைபடம் ஒரு கடையின் பெயர், வணிகப் பெயர், நடத்துபவர் என்ற மூன்றையும் தனித்தனியே பதிவு செய்கிறது. இப்பிரிப்பு மிகவும் பயனுள்ளது. ஆவின் பாலகம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 'ஆவின்' என்பது வணிகப் பெயர். பல இடங்களில் நடத்துபவர் ஒரு முகவர். டாஸ்மாக் கடையில் வணிகப் பெயரும் நடத்துவதும் ஒரே அரசு நிறுவனத்துக்கு உரியவை. நியாயவிலைக் கடைக்கு வணிகச் சின்னமே இல்லை. ஆனால், அதை நடத்தும் கூட்டுறவுச் சங்கத்தின் பெயர் முக்கியமானது. 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழரின் மறுவாழ்வுக்காக உருவான 'டான்டீ'யின் தேயிலை இங்கு விற்பனையாகிறது. அதை விற்கும் கடைகள் எல்லாம் டான்டீ நடத்தும் கடைகள் ஆகிவிடா.

பன்னாட்டு, தேசிய வணிகத் தொடர்களின் பட்டியல் ஒன்றையும் தன்னார்வலர்கள் தொகுத்து வைத்துள்ளனர. புகழ்பெற்ற ஒரு தொடர் அங்காடியின் பெயரில் முதல் சில எழுத்துகளைத் தட்டினாலே வகை, பெயர், சின்னம் அனைத்தும் தாமாக நிரம்பிவிடுகின்றன. வசதியான ஏற்பாடுதான். ஆனால், இதில் இரண்டு இடர்கள் உள்ளன.

முதலாவது, ஒரே பெயர் என்பதால் ஒரே நிறுவனம் என்று கொள்வது. கர்நாடகத்திலும் தமிழகத்திலும் 'ஐயங்கார் பேக்கரி' என்ற பெயரில் எத்தனையோ கடைகள் உள்ளன. அவற்றுள் பல ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை. அது ஒரு மரபின் பெயர். ஒரு தொடர் நிறுவனத்தின் பெயர் அன்று. குளிர்பான நிறுவனமோ தொலைபேசி நிறுவனமோ இலவசமாக அமைத்துத் தந்த பலகையில் விளம்பரம் பெரிதாகவும் கடையின் பெயர் சிறிதாகவும் இருக்கும். அவ்விளம்பரத்தையே கடையின் பெயராகப் பதிந்துவிடுவோரும் உண்டு.

இரண்டாவது இடர் இன்னும் ஆழமானது. தொடர் அங்காடியைப் பதிவு செய்யச் சில நொடிகள் போதும். பெயரற்ற பெட்டிக்கடையைப் பதிவு செய்ய நேரில் சென்று பார்க்க வேண்டும், பேச வேண்டும், யோசிக்க வேண்டும். எது எளிதோ அதுவே முதலில் நிரம்பும். விளைவாக, வரைபடத்தில் பெருநிறுவனங்கள் பளிச்சிடும். தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளையும் பழங்குடி மக்களையும் நம்பி வாழும் சிறுகடைகள் வெற்றிடமாகத் தெரியும். வெற்றிடத்துக்கு வாடிக்கையாளர் வரமாட்டார். வெற்றிடத்தைப் பார்க்கும் திட்டமிடுவோர், இங்கு வணிகமே இல்லை என்ற முடிவுக்கும் வரக்கூடும்.

தேவாலாவுக்குத் தவறான தகவலின் விலை தெரியும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இப்பகுதியில் தங்கம் கொழிப்பதாக நம்பி, லண்டனில் நிறுவனங்கள் பல தொடங்கப்பட்டன. தொலைவிலிருந்த முதலீட்டாளர்கள் இவ்வூரைக் காணாமலே பணத்தைக் கொட்டினர். சில ஆண்டுகளிலேயே பெரும்பாலான சுரங்கங்கள் கைவிடப்பட்டன. ஓர் ஊரைப் பற்றி அவ்வூரார் அல்லாதோர் மட்டுமே எழுதினால் நேர்வது அதுவே.

பொதுவளங்களை அவற்றைப் பயன்படுத்துவோரே சிறப்பாகப் பேண முடியும் என்று தம் ஆய்வுகளால் நிறுவிய எலினார் ஆஸ்ட்ரம், 2009-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசைப் பெற்றார். அவர் ஆராய்ந்தவை காடுகள், பாசன நீர், மீன்வளம் முதலியவை. திறந்த வரைபடமும் அத்தகைய பொதுவளமே என்பது என் கருத்து. அதைப் பேணும் வழிகளும் எளியவை. பலகையில் உள்ள சொல்லைப் பார்க்காமல், கடை என்ன செய்கிறது என்பதைப் பார்த்து வகைப்படுத்த வேண்டும். பெயரை மட்டும் பலகையில் உள்ளபடியே, தமிழிலும் எழுத வேண்டும். உண்மையிலேயே தொடர் நிறுவனமாகவோ அதன் உரிமம் பெற்றதாகவோ இருந்தாலன்றி வணிகச் சின்னத்தைச் சேர்க்கக் கூடாது. ஐயம் எழுந்தால் கடைக்காரரிடமே கேட்டுவிட வேண்டும்.

நம் கல்லூரிகளின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள், ஆண்டுதோறும் தத்தம் ஊரின் ஒரு கடைவீதியையாவது இவ்வாறு பதிவு செய்யலாம். பொருளாதார மாணவருக்கு இதைவிடச் சிறந்த களப்பயிற்சி கிடைப்பது அரிது. சில்லறை வணிகம் என்று பாடநூல் ஒரு வரியில் கடந்து செல்வதன் உண்மை உருவம் அங்கேதான் தெரியும்.

தேவாலாவின் அந்த இரு கடைகளும் இப்போது வரைபடத்தில் உரிய வகைகளில், தமிழ்ப் பெயர்களோடு இருக்கின்றன. மழைநாளில் யாரேனும் தேடி வந்தால், அவர்களுக்குத் தூள் அல்ல, தேநீரே கிடைக்கும்.